நம் வரலாற்றுக்கும் ஸனது வேண்டும்: கீழக்கரைக்கு ஓர் அவசரமில்லாப் பயணம்



அரையாண்டு விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் ஊட்டியா, கொடைக்கானலா, கேரளமா என்ற பேச்சு தொடங்கிவிடும். சென்று திரும்புவோரிடம் கேட்டால், பாதிப் பொழுது வாகன நெரிசலிலும் மீதிப் பொழுது அறை தேடுவதிலும் கழிந்தது என்பார்கள். இவ்வாண்டு வேறொரு திசையில் செல்லலாமே என்று கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம். இராமநாதபுரம் மாவட்டத்தில், மன்னார் வளைகுடாவின் கரையில் இருக்கும் கீழக்கரையே நாம் கூறும் ஊர். அங்கு மூன்று நாட்கள் ஓடாமல், விரையாமல் தங்கியிருந்தால் நம் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதே நம் பேசுபொருள்.

கீழக்கரையின் பெயரை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லை. ஆயினும் அவ்வூரைப் பார்த்தவர்கள் குறைவு. ஏர்வாடிக்குச் செல்லும் வழியில் வண்டியை நிறுத்தி, ஒரு வக்து தொழுதுவிட்டுப் புறப்பட்டவர்களே மிகுதி. நாமும் அவ்வாறு சென்றவர்களே. அதன் விளைவை ஒரு மாணவரிடமிருந்து அறிந்துகொண்டோம்.

ஒரு மாணவரின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் மதரஸா மாணவர்களை அழைத்துக்கொண்டு கீழக்கரை சென்றோம். மொத்தம் ஒரு மணி நேரம். பழைய ஜும்ஆ பள்ளியின் வாயிலில் நின்று, "இது நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே கட்டப்பட்ட பள்ளி. யமன் நாட்டின் ஆளுநராக இருந்து இஸ்லாத்தை ஏற்ற பாதான் (ரலி) அவர்களால் எழுப்பப்பட்டது" என்று உறுதியான குரலில் கூறினோம். மாணவர்கள் வியந்தார்கள். நாமும் மகிழ்ந்தோம்.

அவர்களுள் ஒருவர் பின்னர் கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்தார். ஒரு விடுமுறையில் நம்மைப் பார்க்க வந்தவர் சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார்: "ஹஜ்ரத், நீங்கள் சொன்னதை வகுப்பில் அப்படியே சொன்னேன். அதற்கு என்ன சான்று என்று பேராசிரியர் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஹதீஸுக்கு ஸனது கேட்கக் கற்றுத் தந்தீர்களே, வரலாற்றுக்கு ஏன் கற்றுத் தரவில்லை?"

நமக்கு மறுமொழி இல்லை. அவர் கேட்டது முற்றிலும் நியாயமானது. ஒரு செய்தி நம் முன் வைக்கப்பட்டால், அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இடையில் தொடர் அறுந்திருக்கிறதா என்று ஆராய்ந்த சமுதாயம் நம்முடையது. ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் என்று தரம் பிரித்த இமாம்களின் நூல்களை நாள்தோறும் பாடம் நடத்திக்கொண்டே, நம் ஊரின் வரலாற்றை மட்டும் கேட்டபடி ஒப்பித்துவிட்டோம். பிள்ளைக்கு நாம் அளித்த சான்றற்ற பெருமை, கேள்வி கேட்கப்பட்ட முதல் நாளிலேயே அவருக்கு வெட்கமாக மாறியது. அதைவிட வருந்தத்தக்கது, "இது இப்படியென்றால் மற்றவையும் இப்படித்தானோ" என்ற ஐயம் அவர் உள்ளத்தில் எழுந்ததுதான்.

அதன் பின்னர் கீழக்கரைக்குச் செல்லும்போதெல்லாம் மூன்று நாட்கள் ஒதுக்கிக்கொள்கிறோம். காணும் ஒவ்வொன்றையும் மூன்று தரங்களில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கல்லும் அகழாய்வும் கூறுவது ஒரு தரம். அக்காலத்தவர் எழுதி வைத்தது இரண்டாம் தரம். வாய்வழியாக வந்தது மூன்றாம் தரம். ளயீஃப் என்பது வேறு, இட்டுக்கட்டப்பட்ட மவ்ளூஃ என்பது வேறு என்பதை மதரஸா மாணவர் அறிவார். அதுபோல, வாய்வழிச் செய்தியைப் பொய் என்று தள்ளிவிடுவதில்லை. அதற்குரிய இடத்தில் வைத்து, "இவ்வாறு சொல்லப்படுகிறது" என்ற சொல்லுடன் சொல்கிறோம்.

எப்போது, எவ்வாறு செல்வது?

சித்திரை, வைகாசி வெயிலில் இராமநாதபுரம் சீமை பிள்ளைகளுக்கு ஏற்றதன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மழை ஓய்ந்த பின் டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரை உள்ள காலமே இதமானது.

சென்னையிலிருந்து இராமேசுவரம் செல்லும் இரவு இரயில்கள் இராமநாதபுரத்தில் நின்று செல்கின்றன. மதுரையிலிருந்து ஏறத்தாழ 110 கி.மீ. சாலைப் பயணம். இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை ஏறத்தாழ 17 கி.மீ. தெற்கே இருக்கிறது, பேருந்துகள் உண்டு. தங்குவதற்குரிய விடுதிகள் இராமநாதபுரத்திலேயே மிகுதி. கீழக்கரையில் உறவினரோ நண்பரோ இருந்தால் அதுவே சிறந்தது. பெண்கள் தொழுவதற்கு இடவசதி எல்லாப் பள்ளிகளிலும் ஒரே வகையாக இருக்காது. முன்னரே விசாரித்துக்கொள்வது நலம்.

வியாழன் மாலை புறப்படுமாறு திட்டமிடுங்கள். நபி (ஸல்) அவர்கள் வியாழக்கிழமையில் பயணம் புறப்படுவதை விரும்பினார்கள் என்பது புகாரீயில் பதிவான செய்தி. வெள்ளியன்று பஜ்ருக்குப் பின் ஊரைவிட்டுக் கிளம்பினால் ஜும்ஆ தவறிவிடுமோ என்ற கவலையும் இதனால் இல்லை. மூன்று நாள் தங்கல் ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின்படியும் முஸாஃபிருக்குரிய காலத்துக்குள் அடங்கிவிடும். கீழக்கரையினர் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர். ஒரு பொருளின் நிழல் அதன் அளவை எட்டியதும் அவர்களுக்கு அஸ்ர் நேரம் தொடங்கிவிடும். ஹனஃபீ ஊர்களிலிருந்து செல்வோர், "இவ்வளவு விரைவில் பாங்கா?" என்று திகைக்க வேண்டியதில்லை. இதையே வாய்ப்பாகக் கொண்டு, மத்ஹபு வேறுபாடு பகைமைக்குரியதன்று என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கலாம்.

வெள்ளி: கல்லால் ஆன பள்ளிகள்

காலையில் வந்து இறங்கி, குளித்து, ஓய்வெடுத்து ஜும்ஆவுக்குச் செல்லுங்கள். தொழுகை முடிந்து கூட்டம் கலையும் வரை காத்திருங்கள். பள்ளி அமைதியடைந்த பின், பொறுப்பாளரிடம் ஸலாம் கூறி அனுமதி பெற்றுத் தூண்களைப் பார்க்கத் தொடங்குங்கள்.

குவிமாடத்தையும் மினாராவையும் எதிர்பார்த்துச் சென்ற பிள்ளைக்கு முதலில் வியப்பே ஏற்படும். வரிசை வரிசையாகக் கருங்கல் தூண்கள், தூணின் தலையில் போதிகை, அதன்மேல் உத்தரம், அதன்மேல் தட்டையான கற்கூரை. கோயில் மண்டபம் கட்டிய அதே சிற்பிகளின் கைவண்ணம். ஆயினும் மனித உருவமோ விலங்கின் உருவமோ எங்கும் இல்லை. பூவும் கொடியும் கோலம் போன்ற வடிவங்களும் மட்டுமே. நம் முன்னோர் தம் மார்க்கத்தின் வரம்பைக் கூறினர். சிற்பியர் அவ்வரம்புக்குள் தம் திறமை முழுவதையும் காட்டினர். ஓர் உடன்பாடு கல்லில் எழுந்து நிற்கிறது.

இங்குதான் தரம் பிரித்துச் சொல்ல வேண்டும். பழைய ஜும்ஆ பள்ளியைப் பாதான் (ரலி) அவர்களோடு இணைத்துப் பேசுவது வாய்வழி மரபு. அரபு வணிகர் நபியவர்களுக்கு முன்பிருந்தே இக்கரைகளோடு தொடர்பு கொண்டிருந்தனர் என்பது வரலாறு. ஆகவே அம்மரபு எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் இன்று நாம் காணும் தூண்களின் அமைப்பு பிற்காலத்தது. மரபை அன்போடு சொல்வோம். கண்ணெதிரே நிற்கும் கல்லை உறுதியோடு சொல்வோம்.

பெரிய ஜும்ஆ பள்ளியின் வளாகத்தில் ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கிறார்கள். 1632இல் காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து, 1703இல் மறைந்த பேரறிஞர். நபியவர்கள் மீது பாடப்பட்ட 'வித்ரிய்யா' என்னும் அரபுக் கஸீதாவுக்கு அவர்கள் இயற்றிய தக்மீஸ் இன்றும் நம் மஜ்லிஸ்களில் ஓதப்படுகிறது. ஒரு தமிழ் ஊரிலிருந்து இத்தகைய அரபு இலக்கியம் எழுந்ததற்கு அந்நூலே சான்று. வேறு சான்று தேவையில்லை.

அருகிலேயே வள்ளல் சீதக்காதியின் அடக்கத்தலமும் உள்ளது. ஷைகு அப்துல் காதிர் என்னும் இயற்பெயரின் மருவே சீதக்காதி. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்ற பழமொழியை அறியாத தமிழர் இல்லை. இறந்த பின் கல்லறையிலிருந்து கை நீண்டு மோதிரம் வழங்கியது என்னும் கதை மூன்றாம் தரத்தைச் சேர்ந்தது. அக்கதையின் துணை இல்லாமலே அவருடைய சிறப்பு நிற்கும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேது நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் காலத்தில், பெரியதம்பி மரைக்காயர் என்ற பெயர் டச்சுக்காரர்களின் ஆவணங்களில் இடம்பெறுகிறது. முத்து, சங்கு, அரிசி, துணி வணிகத்தில் தமக்கு ஈடுகொடுத்து நின்றவரைப் பற்றி அவர்கள் எரிச்சலோடு எழுதி வைத்தார்கள். அப்பெயரைச் சீதக்காதியின் குடும்பத்தோடும் அவரோடும் ஆய்வாளர்கள் இணைக்கின்றனர். நண்பர் புகழ்வது இயல்பு. போட்டியாளர் தம் கணக்கேட்டில் எழுதியது வலுவான சாட்சியம் அல்லவா?

அஸ்ர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குச் செல்லுங்கள். மன்னார் வளைகுடா பொதுவாகச் சீற்றம் குறைந்த கடல். கரைக்கு அப்பால் தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக 1986இல் அறிவிக்கப்பட்டன. பவளப் பாறைகளும் கடற்புற்களும் நிறைந்த பகுதி. ஆவுளியா என்று நம் மீனவர் அழைக்கும் கடற்பசு வாழுமிடம். தீவுகளுக்கு வனத்துறையின் அனுமதியின்றிச் செல்ல இயலாது. கரையில் அமர்ந்து பார்ப்பதே போதுமானது. கீழக்கரைத் தீவுகளுள் ஒன்றின் பெயர் அப்பா தீவு என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அன்று நண்பகலில் கேட்ட பெயர் கடலிலும் இருப்பது அவர்களுக்கு மகிழ்ச்சி தரும். எந்த இடத்தில் கடலில் இறங்கலாம் என்பதை மட்டும் அவ்வூர் மீனவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சனி: பெருமாள் கோயிலில் ஒரு பள்ளிவாசல் சாசனம்

இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை செல்லும் சாலையிலேயே திருப்புல்லாணி இருக்கிறது. ஆதிஜகந்நாதப் பெருமாள் கோயில் உள்ள ஊர். முஸ்லிம் குடும்பத்தின் பயணத்தில் இவ்வூருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். முதல் தரச் சான்று கிடைப்பது இங்குதான்.

இக்கோயிலின் கல்வெட்டுகளுள் ஒன்று, 13ஆம் நூற்றாண்டில் சுந்தர பாண்டியன் காலத்தில் வெட்டப்பட்டது. கீழைக் கடற்கரையில் பவுத்திரமாணிக்கப்பட்டினம் என்னும் துறைமுகத்தில் இருந்த சோனகரின் பள்ளிக்கு வரி நீக்கி நிலம் விடப்பட்டதை அது கூறுகிறது. அப்பள்ளியைப் 'பிழார்ப் பள்ளி' என்று குறிப்பிடுகிறது. சோனகர் என்பது அன்று முஸ்லிம்களுக்கு வழங்கிய பெயர். ஓர் இந்து மன்னர் மானியம் அளிக்கிறார். ஒரு பள்ளிவாசல் பெறுகிறது. அந்தச் சாசனத்தைப் பெருமாள் கோயிலின் கல் ஏழு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் காத்து வந்திருக்கிறது.

கோயிலின் மரபுகளை மதித்து, வெளியே கோபுரத்தின் எதிரில் நின்றபடியே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். "நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள்?" என்று நாளை யாரேனும் அவர்களைக் கேட்டால், கோபமின்றி, குரல் உயர்த்தாமல் விடை கூற இந்த ஒரு செய்தி போதும். நாம் மாணவர்களுக்குப் பள்ளி வாயிலில் நின்று சொன்னதைவிட இது வலிமையானது. அது ஒப்பிக்கப்பட்டது, இது கல்லில் வெட்டப்பட்டது. நம் உரிமைக்கும் அண்டை வீட்டாரின் பெருந்தன்மைக்கும் ஒரே கல்வெட்டு சாட்சி கூறுகிறது.

பவுத்திரமாணிக்கப்பட்டினம் என்பது கீழக்கரைக்குக் கிழக்கே இருக்கும் இன்றைய பெரியபட்டினம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பகல் உணவுக்குப் பின் அங்குச் செல்லலாம். 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சீனத்துக்கும் அரபகத்துக்கும் இடையே ஓடிய கப்பல்களுக்கு இது ஒரு தங்குதுறை என்பதற்கு அத்துண்டுகளே சான்று.

இப்னு பதூதா 1340களில் மதுரை சுல்தானகத்துக்கு வந்தபோது 'ஃபத்தன்' என்னும் துறைமுகத்தில் தங்கினார். கடலோரத்தில் அமைந்த பெரிய அழகிய நகரம், பெருமரங்களின் மீது நிறுத்தப்பட்ட மண்டபம், கல்லால் கட்டப்பட்ட பள்ளிவாசல் என்று தம் பயண நூலில் விவரிக்கிறார். பழக்கிய சிங்கம் ஒன்றைத் தம்முடன் வைத்திருந்த நைஸாபூர் துறவி ஒருவரை அங்குச் சந்தித்ததையும் எழுதுகிறார். பிள்ளைகள் அந்தச் சிங்கத்தை மறக்கமாட்டார்கள். ஃபத்தன் என்பது பெரியபட்டினமே என்று பலர் கருதுகின்றனர். வேறு ஊர்களைக் கூறுவோரும் உளர். இங்கும் தரம் பிரிக்கலாம்: இப்னு பதூதா எழுதியது எழுத்துச் சான்று, அவர் கூறிய ஊர் இதுதான் என்பது ஆய்வாளர் கருத்து. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

இன்று பெரியபட்டினம் அமைதியான கடற்கரை ஊர். பார்ப்பதற்குப் பெரிய மாளிகை எதுவும் இல்லை. செழித்த துறைமுகமும் ஒருநாள் மண்ணுக்குள் போகும் என்பதை அந்த அமைதியே சொல்லிவிடும். முன்சென்ற சமுதாயங்களின் முடிவைப் பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைப்பதன் பொருள் அங்கு நிற்கும்போது நன்கு விளங்குகிறது.

ஞாயிறு: பெட்டியில் உறங்கும் எழுத்து

மூன்றாம் நாள் காலையில் யாரேனும் ஒரு பழைய குடும்பத்தாரின் இல்லத்துக்குச் செல்ல வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். கீழக்கரைப் பெரியவர்களிடம் அரபுத்தமிழ் நூல்களைப் பற்றிக் கேளுங்கள். அரபு எழுத்தில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து, தமிழ் மொழியை எழுதும் முறை அது. குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்மணி, தமிழ் எழுத்தைக் கற்காவிட்டாலும் மார்க்கச் சட்டங்களைத் தம் தாய்மொழியில் தாமே படித்துக்கொள்ள அது வழி செய்தது.

அவ்வெழுத்தின் பெரும் ஆசான்களுள் ஒருவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் ஸையிது முஹம்மது ஆலிம் (ரஹ்) அவர்கள். 1816இல் காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் கற்பித்து, 1898இல் மறைந்தார்கள். 'ஃபத்ஹுத் தய்யான்' என்னும் அவர்களின் அரபுத்தமிழ் நூல் தமிழகத்திலும் இலங்கையிலும் இல்லந்தோறும் ஓதப்பட்டது. இலங்கைக் கரையோர முஸ்லிம்களிடையே அவர்கள் ஆற்றிய பணி இன்றும் அங்கு நினைவுகூரப்படுகிறது.

இன்று அந்நூல்கள் பலவும் பெட்டிகளில் கிடக்கின்றன. பாட்டியார் வாசித்ததைப் பேத்தியால் வாசிக்க முடிவதில்லை. கறையான் ஒருபுறம், இடம் அடைக்கிறது என்று கழித்துவிடும் நம் அறியாமை மறுபுறம். இதில் முதற்குற்றம் நம்முடையதே. அரபும் தமிழும் அறிந்த மதரஸா ஆசிரியர்கள் நினைத்தால், எழுத்துகளின் அடையாளங்களைச் சில வாரங்களில் மாணவருக்குக் கற்பித்துவிடலாம். அவ்வாறு செய்யவில்லை. பழைய பள்ளிகளைப் பற்றியும் இதையே கூற வேண்டும். இடம் போதவில்லை என்று கற்றூண்களைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட் தூண்களை எழுப்பிய ஊர்கள் நம் கடற்கரையில் உண்டு. ஒரு தூணைப் பெயர்ப்பது ஒரு ஸனதை அறுப்பது போன்றதாகும். விரிவாக்கம் தேவையெனில் பழையதை ஒட்டிப் புதியதைக் கட்ட வழியுண்டு.

திரும்பும் முன் கடைத்தெருவில் தொதல் வாங்க மறக்காதீர்கள். அரிசி மாவு, தேங்காய்ப் பால், கருப்பட்டி சேர்த்து நெடுநேரம் கிண்டி எடுக்கும் இனிப்பு. மலாய் நாடுகளிலும் இலங்கையிலும் இதே இனிப்பு 'தொதொல்' என்று வழங்குகிறது. நம் மரைக்காயர்களின் கப்பல்கள் எந்தெந்தத் துறைகளில் நின்றன என்பதை நாவே சொல்லிவிடும்.

மாலையில் இரயிலேறும் முன் இராமநாதபுரத்தில் சேதுபதிகளின் அரண்மனைப் பகுதியான இராமலிங்க விலாசத்தைப் பாருங்கள். திறந்திருக்கும் நாளை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். சுவரெங்கும் ஓவியங்கள். ஐரோப்பியரைச் சேதுபதி வரவேற்கும் காட்சியும் அவற்றுள் ஒன்று. அவ்வரண்மனை எழும்பச் சீதக்காதி துணைநின்றார் என்பது இப்பகுதியில் வழங்கும் செய்தி. அது எத்தரத்தைச் சேர்ந்தது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். மூன்று நாட்களில் அவர்கள் சரியாகச் சொல்லப் பழகியிருப்பார்கள்.

எதைக் கொண்டு திரும்புகிறோம்?

ஏர்வாடி, இராமேசுவரம், தனுஷ்கோடி என்று மேலும் சேர்த்துக்கொள்ள மனம் விரும்பும். இம்முறை வேண்டாம் என்பதே நம் பரிந்துரை. ஒரு தூணின் முன் கால் மணி நேரம் அமர முடிந்தால்தான் பிள்ளை கேள்வி கேட்கும். கேள்வி கேட்டால்தான் நாமும் தெரிந்ததைத் தெரிந்ததாகவும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவும் சொல்லப் பழகுவோம்.

அந்த மாணவர் சென்ற முறை தம் மனைவி மக்களோடு நம்முடன் கீழக்கரைக்கு வந்தார். பழைய ஜும்ஆ பள்ளியின் வாயிலில் அவருடைய சிறுமகன், "அத்தா, இதை யார் கட்டினார்கள்?" என்று கேட்டான். அவர் நம்மைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பெரியவர்கள் இப்படிச் சொல்லி வருகிறார்கள்" என்று தொடங்கி மரபைக் கூறினார். பின்னர் அவனது கையைப் பிடித்துத் தூணின் மீது வைத்து, "இது மட்டும் நாமே தொட்டுப் பார்த்தது" என்றார். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய பாடத்தை, அன்று அவரிடமிருந்து நாம் கேட்டுக்கொண்டோம்.

நம் முன்னோரின் நற்பணிகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அவர்களைப் பற்றி உண்மையை மட்டுமே பேசும் நாவையும், அவர்கள் விட்டுச் சென்றதைக் காக்கும் பொறுப்புணர்வையும் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வழங்குவானாக. ஆமீன்.